கைதட்டிய தேசம் கடன் தீர்த்ததா?

புது தில்லி: சென்னை வேலங்காடு மயானத்தில் 2020 ஏப்ரல் 19-ஆம் தேதி இரவு நிகழ்ந்த கொடுமையின் எதிரொலி, மூன்றே நாள்களில் தில்லியை எட்டியது. கரோனா தொற்றால் உயிரிழந்த நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அங்கே அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் கற்களையும் கட்டைகளையும் கொண்டு தாக்கியது. ஆம்புலன்ஸின் கண்ணாடிகள் நொறுங்கின. உடன் வந்த ஊழியர்கள் ரத்தக் காயமடைந்தனர். கடைசியில், இறந்தவரோடு பணியாற்றிய மருத்துவர் ஒருவரே போலீஸ் பாதுகாப்புடன் திரும்பி வந்து, ஊழியர்களின் துணையோடு குழியில் மண்ணைத் தள்ளி நண்பரின் உடலைப் புதைத்தார்.

இதற்குச் சரியாக நான்கு வாரங்களுக்கு முன்பு, மார்ச் 22-ஆம் தேதி மாலை 5 மணிக்கு, பிரதமரின் வேண்டுகோளை ஏற்று நாடு முழுவதும் மக்கள் வீட்டு வாசல்களிலும் மாடிகளிலும் நின்று, மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி தெரிவிக்கும் வகையில் கை தட்டினர்; தட்டுகளையும் மணிகளையும் ஒலித்தனர். மே 3-ஆம் தேதி விமானப் படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின் மீது மலர் தூவின. கைதட்டலுக்கும் மலர் மழைக்கும் இடைப்பட்ட ஆறு வாரங்களில்தான், நாடெங்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் சுகாதார ஊழியர்களும் அடி வாங்கினர். குடியிருந்த வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

அந்தப் பெருந்தொற்று ஓய்ந்துவிட்டது. கரோனாவுக்கான சர்வதேச அவசரநிலை முடிவுக்கு வந்ததாக உலக சுகாதார அமைப்பு 2023 மே 5-ஆம் தேதி அறிவித்தது. ஆனால், தொற்றுக் காலத்தில் முன்களத்தில் நின்றவர்களுக்கு அரசும் சமூகமும் அளித்த வாக்குறுதிகளின் கணக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

மூன்று நாளில் வந்த சட்டம்

சென்னைச் சம்பவத்தையும் அதையொத்த பிற தாக்குதல்களையும் கண்டித்து இந்திய மருத்துவ சங்கம் இரண்டு கட்டப் போராட்டத்தை அறிவித்தது. ஏப்ரல் 22-ஆம் தேதி இரவு மருத்துவர்கள் மெழுகுவர்த்தி ஏந்துவர். அதன் பிறகும் மத்திய அரசு சட்டம் கொண்டு வராவிட்டால், மறுநாள் கறுப்பு தினம் கடைப்பிடிக்கப்படும் என்பது அந்த அறிவிப்பு. ஏப்ரல் 22-ஆம் தேதி காலையில் உள்துறை அமைச்சர் அமித் ஷாவும் அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் ஹர்ஷ் வர்தனும் சங்க நிர்வாகிகளுடன் காணொலி வழியே பேசினர். போராட்டம் கைவிடப்பட்டது. அன்றே மத்திய அமைச்சரவை கூடி அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் உடனே கிடைத்தது.

அந்த அவசரச் சட்டம், 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டத்தில் திருத்தம் செய்தது. அதன்படி, சுகாதாரப் பணியாளரைத் தாக்குவோருக்கு மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். கொடுங்காயம் ஏற்படுத்தினால் தண்டனை ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டுகள், அபராதம் ரூ.1 லட்சம் முதல் ரூ.5 லட்சம். இக்குற்றத்தில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. 30 நாள்களில் புலன் விசாரணையையும் ஓராண்டுக்குள் வழக்கு விசாரணையையும் முடிக்க வேண்டும். சேதப்படுத்தப்பட்ட சொத்துக்குச் சந்தை மதிப்பைப்போல இரு மடங்கு ஈடு செலுத்த வேண்டும்.

மருத்துவர், செவிலியர் மட்டுமல்லாமல் துணை மருத்துவப் பணியாளர்களும் சமூக சுகாதாரப் பணியாளர்களும் இதன் பாதுகாப்பு வளையத்துக்குள் கொண்டுவரப்பட்டனர். பணியாளரை வீட்டிலோ பணியிடத்திலோ தொந்தரவு செய்வதும் வன்முறையாகவே வரையறுக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இதனை நிரந்தரச் சட்டமாக்கின.

தமிழகத்தில், தொற்றுநோயால் இறந்தவரின் உடல் அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வகை செய்யும் அவசரச் சட்டத்தை அதே ஏப்ரல் மாதத்தில் மாநில அரசு பிறப்பித்தது.

பிளேக் காலத்துப் பரம்பரைச் சொத்து

திருத்தப்பட்ட மூலச் சட்டத்தின் வரலாறு கவனிக்கத்தக்கது. 1896-இல் பம்பாயில் பரவத் தொடங்கிய பிளேக் நோயை அடக்குவதற்காக, 1897 பிப்ரவரியில் ஆங்கிலேய அரசு இயற்றிய சட்டம் அது. மொத்தமே நான்கு பிரிவுகள். அரசு எந்த உத்தரவையும் பிறப்பிக்கலாம்; மீறுவோரைத் தண்டிக்கலாம்; நல்லெண்ணத்தில் செயல்பட்ட அதிகாரி மீது வழக்குத் தொடர முடியாது. நோயாளியைத் தொட்டுத் தூக்கிய கைகளைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

அந்தச் சட்டம் பிறந்த அடுத்த மாதமே, புணே அருகே தன் மகன் யஷ்வந்த் நடத்திய பிளேக் சிகிச்சை மையத்தில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து வந்த சாவித்ரிபாய் புலே அதே நோய்க்குப் பலியானார். 1897 மார்ச் 10-இல் அவர் இறந்தார். பெண் கல்வியின் முன்னோடியாக இன்று நாடு கொண்டாடும் அவர், தொற்றுநோய்ப் பணியில் உயிர் நீத்தவர் என்பது பலரும் நினைவில் கொள்ளாத செய்தி. மருத்துவரான யஷ்வந்தும் சில ஆண்டுகளில் பிளேக் பணியிலேயே உயிரிழந்தார்.

மறுபுறம், பிளேக் ஒழிப்பு என்ற பெயரில் புணேயில் வீடு புகுந்து நடத்தப்பட்ட சோதனைகள் மக்களிடம் கடும் வெறுப்பை விதைத்தன. அதற்குப் பொறுப்பான அதிகாரி ராண்ட், 1897 ஜூன் 22-ஆம் தேதி இரவு சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். அதிகாரத்தை மட்டுமே நம்பிய நோய்த்தடுப்பு மக்களின் நம்பிக்கையை இழக்கும் என்பதற்கு அன்றே கிடைத்த பாடம் அது. மக்களின் அச்சத்தைப் போக்காமல் வீட்டுக் கதவைத் தட்டினால் முதலில் அடி விழுவது, கதவைத் தட்டிய கடைநிலைப் பணியாளரின் மீதுதான்.

வீட்டு வாசலில் பகை

123 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அச்சம் மாறவில்லை. 2020 மார்ச் இறுதியில், தில்லி எய்ம்ஸ் உறைவிட மருத்துவர்கள் சங்கம் உள்துறை அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதியது. வாடகை வீடுகளில் குடியிருக்கும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் வீட்டு உரிமையாளர்கள் வெளியேற்றுகின்றனர். பலர் சாமான்களுடன் தெருவில் நிற்கின்றனர் என்பது அதன் சாரம். அவ்வாறு வெளியேற்றும் உரிமையாளர்கள் மீது நடவடிக்கை எடுக்குமாறு தில்லி அரசு உத்தரவிட நேர்ந்தது.

ஏப்ரல் 8-ஆம் தேதி, தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையைச் சேர்ந்த இரு பெண் மருத்துவர்கள் வீட்டருகே பழம் வாங்கச் சென்றபோது, நோயைப் பரப்புவதாகக் கூறி அக்கம்பக்கத்தவர் ஒருவரால் தாக்கப்பட்டனர். அதற்கு ஒரு வாரம் முன்பு, மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில், தொற்றுடையவருடன் தொடர்பில் இருந்தோரைத் தேடிச் சென்ற சுகாதாரக் குழுவை ஒரு கும்பல் கல்லெறிந்து விரட்டியது. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாதிலும் மருத்துவக் குழுவும் ஆம்புலன்ஸும் தாக்குதலுக்கு உள்ளாயின.

இந்தூரில் காயமடைந்த இரு பெண் மருத்துவர்களும் அடுத்த நாளே பணிக்குத் திரும்பினர் என்பது, அந்நாள்களின் செய்திகளில் சிறிய எழுத்தில் வந்த பெரிய செய்தி.

அச்சுறுத்தல் எப்போதும் கல் வடிவில்தான் வரும் என்பதில்லை. கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றிய மணிப்பூரைச் சேர்ந்த செவிலியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் 2020 மே மாதம் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினர். போதிய பாதுகாப்பு இல்லை என்பதோடு, தங்கள் தோற்றத்தை வைத்து இழிவுபடுத்துவதையும் அவர்கள் காரணமாகக் குறிப்பிட்டனர். செவிலியர் பற்றாக்குறையால் திணறிய நகரம் ஒன்று, இருந்த செவிலியர்களையும் இழந்தது.

கவசமின்றிக் களத்தில்

பாதுகாப்பு என்பது காவலர் துணை மட்டும் அல்ல. தொற்றின் தொடக்கத்தில் மருத்துவர்கள் மழைக்கோட்டையும், மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தையும் அணிந்து நோயாளிகளைப் பார்த்த அவலம் பல மாநிலங்களில் அரங்கேறியது. நெருக்கடி தொடங்கியபோது நாட்டில் ஒரு முழு உடல் பாதுகாப்பு அங்கிகூடத் தயாரிக்கப்படவில்லை என்றும், அதன் பிறகு நாளொன்றுக்கு 2 லட்சம் அங்கிகளும் 2 லட்சம் என்-95 முகக் கவசங்களும் தயாராவதாகவும் 2020 மே 12-ஆம் தேதி உரையில் பிரதமர் மோடியே குறிப்பிட்டார். உற்பத்தியில் அது சாதனைதான். ஆனால், அங்கி வந்து சேரும் வரை வெறும் கைகளோடு நின்றவர்கள் யார் என்ற கேள்விக்கும் அந்த உரையிலேயே விடை இருந்தது.

2020 ஏப்ரல் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மருத்துவப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புக் கருவிகளும் காவல் துறைப் பாதுகாப்பும் அளிக்குமாறு அரசுகளுக்கு உத்தரவிட்டது. ஜூன் மாதத்தில் மருத்துவர்களின் ஊதியப் பிரச்னை அதே நீதிமன்றத்தின் முன் வந்தபோது, போர்க் காலத்தில் படைவீரர்களை மனக்குறையோடு வைத்திருக்கக் கூடாது என நீதிபதிகள் கருத்து தெரிவித்தனர். ஊதியம் வழங்குவதை உறுதி செய்யுமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட மத்திய அரசு பணிக்கப்பட்டது. ஜூலை இறுதியிலும் தில்லி, மகாராஷ்டிரம், பஞ்சாப், கர்நாடகம், திரிபுரா ஆகியவற்றில் ஊதியம் உரிய காலத்தில் வழங்கப்படவில்லை என்பது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. தனிமைப்படுத்தப்பட்ட நாள்களை விடுப்பாகக் கழிப்பது குறித்தும் அப்போது கேள்வி எழுந்தது.

தலைநகரிலேயே, வடக்கு தில்லி மாநகராட்சியின்கீழ் அப்போது இயங்கிய ஹிந்து ராவ் மருத்துவமனையின் மருத்துவர்கள், மாதக் கணக்கில் ஊதியம் வராததால் 2020 அக்டோபரில் உண்ணாவிரதம் இருந்தனர். கரோனா நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தவர்கள் ஜந்தர் மந்தரில் அமர்ந்து கேட்டது சலுகையை அல்ல. செய்த வேலைக்கான கூலியை.

எத்தனை பேர் இறந்தனர்?

உயிர்த் தியாகம் செய்தவர்களைப் போற்ற வேண்டும் என்பதில் கட்சி வேறுபாடின்றி அனைவரும் உடன்பட்டனர். அவர்கள் எத்தனை பேர் என்பதில்தான் உடன்பாடு ஏற்படவில்லை.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் வருவதால், பணியாளர்களின் இறப்பு குறித்த விவரம் மத்திய அளவில் தொகுக்கப்படுவதில்லை என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. கொதித்தெழுந்த இந்திய மருத்துவ சங்கம், அதுவரை இறந்த 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட்டது. 2021 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அளிக்கப்பட்ட பதிலில் 162 மருத்துவர்கள், 107 செவிலியர்கள், 44 ஆஷா பணியாளர்கள் இறந்ததாகக் கூறப்பட்டது. இறந்த மருத்துவர்கள் மட்டுமே 734 பேர் என்று சங்கம் உடனே மறுத்தது.

அடுத்து வந்த இரண்டாவது அலை அந்தக் கணக்கையும் விஞ்சியது. அந்த அலையில் மட்டும் 798 மருத்துவர்கள் இறந்ததாக 2021 ஜூன் இறுதியில் சங்கம் தெரிவித்தது. அவர்களில் 128 பேர் தில்லியைச் சேர்ந்தவர்கள். மே 1-ஆம் தேதி தில்லியின் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் தீர்ந்து 12 நோயாளிகள் மடிந்தனர். அவர்களில் ஒருவர், அதே மருத்துவமனையில் துறைத் தலைவராக இருந்த மருத்துவர்.

மருத்துவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது, பெயர்களைத் திரட்டியது. ஆய்வக உதவியாளருக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், வார்டு பணியாளருக்கும், மருத்துவக் கழிவை அள்ளிய ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் அவ்வாறு பட்டியல் எடுப்பார் இல்லை. 2021 ஜனவரி 16-ஆம் தேதி நாட்டின் முதல் கரோனா தடுப்பூசி, எய்ம்ஸ் மருத்துவமனையின் தூய்மைப் பணியாளர் ஒருவருக்குச் செலுத்தப்பட்டது. முன்னுரிமையில் அவருக்குக் கிடைத்த முதலிடம், இறப்புப் பதிவேட்டில் அவரது சகாக்களுக்குக் கிடைக்கவில்லை.

2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் 80 ஆயிரம் முதல் 1.80 லட்சம் வரையிலான சுகாதாரப் பணியாளர்கள் கரோனாவால் இறந்திருக்கக்கூடும் என உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. இத்தனை அகலமான மதிப்பீடே, பெரும்பாலான நாடுகள் இந்தக் கணக்கை முறையாக வைக்கவில்லை என்பதன் ஒப்புதல் வாக்குமூலம்.

ரூ.50 லட்சம் காப்பீடு

அரசு எதுவும் செய்யவில்லை என்று கூறிவிட முடியாது. 2020 மார்ச் 26-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த பிரதமரின் ஏழைகள் நலத் தொகுப்பில், கரோனா பணியிலுள்ள சுமார் 22 லட்சம் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தலா ரூ.50 லட்சம் காப்பீடு இடம்பெற்றது. ஆஷா பணியாளர், தூய்மைப் பணியாளர், ஒப்பந்த ஊழியர் ஆகியோரும் இதில் சேர்க்கப்பட்டனர். இந்திய வரலாற்றில் கடைநிலைச் சுகாதார ஊழியருக்கும் மூத்த மருத்துவருக்கும் உயிரின் விலை ஒன்றே என்று ஓர் அரசுத் திட்டம் ஒப்புக்கொண்டது அரிதான நிகழ்வு.

தொடக்கத்தில் 90 நாள்களுக்கு என அறிவிக்கப்பட்ட திட்டம் பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஆனால், 2021 மார்ச் 24-ஆம் தேதியோடு அது முடிவுக்கு வந்ததாகக் கூறப்பட்டபோது, இரண்டாவது அலை எழத் தொடங்கியிருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மீண்டும் நீட்டிக்கப்பட்டது. அப்போது வரை வழங்கப்பட்ட இழப்பீடுகள் 287. 2022 ஏப்ரலில் அந்த எண்ணிக்கை 1,905-ஆக உயர்ந்தது.

மருத்துவ சங்கத்தின் பட்டியலுக்கும் இந்த எண்ணிக்கைக்கும் இடையிலான இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. அரசுப் பணியாளரும், கரோனா பணிக்காக அரசால் அழைக்கப்பட்ட தனியார் பணியாளரும் மட்டுமே திட்டத்துக்குத் தகுதியானவர்கள். ஊரடங்கிலும் கிளினிக்கைத் திறந்து வைத்து, காய்ச்சலோடு வந்தவர்களைப் பார்த்து, தொற்றுக்கு ஆளாகி இறந்த தனியார் மருத்துவர் எந்தப் பக்கம் சேர்வார்?

நவி மும்பையில் 2020 ஜூனில் இறந்த மருத்துவர் ஒருவரின் மனைவி இந்தக் கேள்வியோடு நீதிமன்றப் படியேறினார். கிளினிக்கை மூடக் கூடாது என்று மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியிருந்தது. ஆனாலும், அது கரோனா பணிக்கான அழைப்பு ஆகாது என்று அவரது கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மும்பை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, ஆர். மகாதேவன் அடங்கிய அமர்வு இந்த நிலைப்பாட்டை மாற்றியது. அன்றைய சட்டங்களும் விதிமுறைகளும் பிறப்பிக்கப்பட்ட சூழலைக் கருதினால், மருத்துவர்களின் சேவை அரசால் கோரப்பட்டதாகவே கொள்ள வேண்டும். தனித்தனி அழைப்புக் கடிதம் தேவையில்லை என்று அமர்வு கூறியது. கரோனா பணியின்போதே இறந்தார் என்பதை மட்டும் ஒவ்வொரு குடும்பமும் ஆதாரத்துடன் நிறுவ வேண்டும்.

நியாயம் கிடைத்தது. ஆனால், அதற்கு ஐந்தரை ஆண்டுகள் ஆயின.

ஆஷாக்களின் கதை

இந்தப் பொதுச் சித்திரத்தில் மிகவும் கூர்மையான முரண்பாடு, 'ஆஷா' என்று அழைக்கப்படும் அங்கீகரிக்கப்பட்ட சமூக சுகாதார ஆர்வலர்களுடையது. 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின்கீழ் உருவாக்கப்பட்ட இப்படையில் ஏறத்தாழ 10 லட்சம் பெண்கள் உள்ளனர். சத்தீஸ்கரின் 'மிதானின்' திட்டமே இதற்கு முன்மாதிரி. ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், அதே ஊரைச் சேர்ந்த பெண்ணே ஆஷாவாகத் தேர்வு செய்யப்படுகிறார். கர்ப்பிணியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடச் செய்வது, காசநோயாளிக்கு மருந்து கொடுப்பது என அவர் செய்யும் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி ஊக்கத்தொகை உண்டு. ஊதியம் என்ற சொல் மட்டும் ஏட்டில் இல்லை. காரணம், அரசின் பார்வையில் அவர் பணியாளர் அல்ல, தன்னார்வலர்.

கரோனா காலத்தில் வெளியூரிலிருந்து திரும்பியவர்களைக் கணக்கெடுத்ததும், வீடு வீடாகக் காய்ச்சல் விசாரித்ததும், தனிமைப்படுத்தப்பட்டோரைக் கண்காணித்ததும் பெரும்பாலும் இவர்களே. இதற்காக மத்திய அரசு மாதம் ரூ.1,000 கூடுதல் ஊக்கத்தொகை அறிவித்தது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் ரூ.33. பல இடங்களில் அவர்களுக்குக் கிடைத்த கவசம் புடவைத் தலைப்பு ஒன்றுதான்.

2020 ஆகஸ்ட் 7, 8 தேதிகளில் ஆஷா, அங்கன்வாடி, மதிய உணவுத் திட்டப் பணியாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தனர். முகக் கவசம், காப்பீடு, நிலுவைத் தொகை, குறைந்தபட்ச ஊதியம் ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். ஆகஸ்ட் 9-ஆம் தேதி ஜந்தர் மந்தரில் கூடிய ஆஷாக்கள் மீது, கரோனா கட்டுப்பாடுகளை மீறியதாகத் தில்லி போலீஸார் வழக்குப் பதிவு செய்தனர். ஊரெல்லாம் அந்தக் கட்டுப்பாடுகளை எடுத்துச் சொன்னவர்கள் மீதே அந்த வழக்கு பாய்ந்தது.

இரண்டே ஆண்டுகளில் காட்சி மாறியது. 2022 மே 22-ஆம் தேதி ஜெனீவாவில் நடைபெற்ற உலக சுகாதார மாநாட்டில், உலகளாவிய சுகாதாரத் தலைவர்களுக்கான விருது பெற்ற ஆறு தரப்பினரில் இந்திய ஆஷாக்களும் இடம்பெற்றனர். பிரதமர் முதல் மாநில முதல்வர்கள் வரை பாராட்டு மழை பொழிந்தனர்.

பாராட்டு பையை நிரப்பவில்லை. வழக்கமான பணிகளுக்காக மத்திய அரசு வழங்கும் நிலையான ஊக்கத்தொகை, 2018-இல் மாதம் ரூ.1,000-லிருந்து ரூ.2,000-ஆக உயர்த்தப்பட்டது. அதன் பிறகு பெருந்தொற்று வந்தது, சென்றது, சர்வதேச விருதும் கிடைத்தது; தொகை நகரவில்லை. அதை ரூ.3,500-ஆகவும், பத்து ஆண்டுகள் பணியாற்றி விலகுவோருக்கான தொகையை ரூ.20 ஆயிரத்திலிருந்து ரூ.50 ஆயிரமாகவும் உயர்த்த முடிவெடுக்கப்பட்ட தகவல் 2025 ஜூலையில்தான் நாடாளுமன்றத்தில் வெளியானது. மாநிலங்கள் தரும் தொகை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

சுகாதாரத்தில் முன்னோடி எனப் பெயர்பெற்ற கேரளத்திலேயே, ஆஷாக்கள் 2025 பிப்ரவரி 10-இல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகம் முன் தொடங்கிய போராட்டம் 260 நாள்களுக்கும் மேல் நீடித்தது. மாதம் ரூ.21 ஆயிரம் கேட்டவர்களுக்கு மதிப்பூதியம் ரூ.1,000 உயர்ந்தது.

திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்து, குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியமும் சமூகப் பாதுகாப்பும் அளிக்க வேண்டும் என்று அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் அமர்ந்த 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013-லேயே பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை மீது காங்கிரஸ் தலைமையிலான அரசும் செயல்படவில்லை; அதன் பிறகு வந்த பாஜக தலைமையிலான அரசும் செயல்படவில்லை.

பேராம்பிரா காட்டிய வழி

நன்றி உணர்வை நடைமுறையில் காட்ட முடியாதா என்றால், முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா தீநுண்மி பரவியபோது, பேராம்பிரா வட்ட மருத்துவமனையில் முதல் நோயாளிகளைப் பராமரித்த செவிலியர் லினி, அதே நோய்க்கு மே 21-ஆம் தேதி பலியானார். இரு குழந்தைகளின் தாயான அவர் நிரந்தர ஊழியர் அல்லர். இறக்கும் தறுவாயில் கணவருக்கு எழுதிய சிறு கடிதம் நாட்டையே கலங்க வைத்தது.

கேரள அரசு, அவர் ஒப்பந்த ஊழியர்தானே என்று கோப்பைப் புரட்டிக் கொண்டிருக்கவில்லை. சில நாள்களிலேயே இரு குழந்தைகளுக்கும் தலா ரூ.10 லட்சமும், கணவருக்கு அரசு வேலையும் அறிவித்தது. விதிகளின் ஓட்டைகளைத் தேடாமல் முடிவெடுத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அது உதாரணம். அதே கேரளம் ஆஷாக்களை 260 நாள்களுக்கு மேல் வீதியில் அமர வைத்தது என்பதும் உண்மை. ஒருவரின் தியாகத்துக்கு உருகும் அரசுகள், பல்லாயிரம் பேரின் அன்றாட உழைப்புக்கு விலை சொல்லும்போது தயங்குகின்றன.

தொற்று முடிந்தால் பாதுகாப்பும் முடியுமா?

2020-இன் சட்டத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது தொற்றுநோய்க் காலத்தில் நிகழும் வன்முறைக்கு மட்டுமே பொருந்தும். இந்த எல்லை தற்செயலானது அல்ல. பொது சுகாதாரமும் சட்டம்-ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் உள்ளன. மாநிலம் விட்டு மாநிலம் தொற்றுநோய் பரவுவதைத் தடுப்பது மட்டும் பொதுப் பட்டியலில் 29-ஆவது இனமாக இடம்பெற்றுள்ளது. தொற்று என்ற வாசல் வழியாகத்தான் மத்திய அரசால் இந்த விவகாரத்துக்குள் நுழைய முடிந்தது.

எக்காலத்துக்கும் பொருந்தும் ஒரு மத்தியச் சட்டத்துக்கான முயற்சி அதற்கு முன்பே நடந்தது. 2019 ஜூனில் கொல்கத்தாவில் இளநிலை மருத்துவர்கள் தாக்கப்பட்டு, நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்த பிறகு, பத்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கும் வரைவு மசோதாவைச் சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. ஒரு குறிப்பிட்ட தொழிலினருக்கு மட்டும் தனிச் சட்டம் தேவையில்லை என்று உள்துறை அமைச்சகம் ஆட்சேபித்ததால் அது கிடப்பில் போடப்பட்டது. சில மாதங்களில் கரோனா வந்தது.

2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, அதே கொல்கத்தாவில் ஆர்.ஜி. கர் அரசு மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். நாடு மீண்டும் கொதித்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. 24 மாநிலங்களில் ஏற்கெனவே சட்டங்கள் இருப்பதாலும், பொதுவான குற்றவியல் சட்டம் போதுமானது என்பதாலும் தனி மத்தியச் சட்டம் தேவையில்லை என்று அக்குழு அந்த ஆண்டு நவம்பரில் அறிக்கை அளித்தது.

இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சட்டங்களின் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் அடி குறைந்துவிடாது. நோயாளி இறந்த துயரத்தில் உறவினர் கை ஓங்கும் இடங்கள் பெரும்பாலும் நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளே. படுக்கை இல்லாததற்கும் மருந்து இல்லாததற்கும் அங்கே பதில் சொல்ல நிற்பவர், முப்பது மணி நேரம் உறங்காத இளம் மருத்துவரும் ஒற்றைச் செவிலியரும்தான். பற்றாக்குறையை உருவாக்கியவர் ஒருவர். அடி வாங்குபவர் வேறொருவர்.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தைப் பொது சுகாதாரத்துக்கு 2025-க்குள் அரசுகள் ஒதுக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கையின் இலக்கு. பெருந்தொற்றின் உச்ச ஆண்டான 2021-22-இல்கூட மத்திய, மாநில அரசுகளின் மொத்தச் செலவு 1.84 சதவீதமாகவே இருந்தது. மருத்துவப் பணியாளர் பாதுகாப்பின் வேர் காவல் நிலையத்தில் இருப்பதைவிட இந்த எண்ணில்தான் அதிகம் இருக்கிறது.

அடுத்த அலைக்கு முன்

அடுத்த தொற்று எப்போது வரும் என்று எவராலும் கூற இயலாது. வரும் என்பதில் மட்டும் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அது வரும்போது மீண்டும் அவசரச் சட்டம், அவசரக் காப்பீடு, அவசரக் கொள்முதல் என்று ஓடுவதைத் தவிர்க்க, இப்போதே செய்யக்கூடியவை பல உள்ளன.

பணியின்போது இறக்கும் சுகாதாரப் பணியாளர்களின் பதிவேட்டை, மருத்துவர் முதல் தூய்மைப் பணியாளர் வரை பெயர் விடாமல், மாநிலங்களின் துணையோடு மத்திய அரசு பராமரிக்க வேண்டும். ரூ.50 லட்சம் காப்பீட்டை அறிவிப்பாக வைத்திராமல், தொற்று தொடங்கிய நாளிலேயே தானாக நடைமுறைக்கு வரும் நிலையான திட்டமாக்க வேண்டும். ஆஷாக்களைத் தன்னார்வலர் என்று அழைப்பதை நிறுத்தி, 2013 மாநாட்டின் பரிந்துரையை நிறைவேற்ற வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் பாதுகாப்பு அங்கிகளின் இருப்பு, தீயணைப்புக் கருவிகளைப்போலக் கட்டாயத் தணிக்கைக்கு உட்படுத்தப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை.

சமூகத்தின் பங்கும் சிறிதல்ல. வேலங்காட்டில் கல்லெறிந்தவர்கள் வேற்று நாட்டவர் அல்லர். சில வாரங்களுக்கு முன்பு கை தட்டிய அதே ஊர்க்காரர்கள். இறந்த உடலிலிருந்து மண்ணுக்குள் தொற்று பரவும் என்று யாரோ கிளப்பிய வதந்தியை அவர்கள் நம்பினர். அதை மறுத்துச் சொல்ல உரிய நேரத்தில் எவரும் அங்கே போகவில்லை. ஊரின் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி அறிந்த ஆஷா பணியாளரும், கிராமச் செவிலியரும் அத்தகைய வதந்திகளை முறியடிக்க வல்ல முதல் ஆள்கள். அவர்களுக்கு உரிய ஊதியமும் மதிப்பும் தருவது கருணை அல்ல. அடுத்த தொற்றின்போது மக்களின் உயிரைக் காக்கச் செய்யப்படும் முதலீடு அது.

அந்த இரவில் மயானத்தில் மண்ணைத் தள்ளிய மருத்துவர், தன் நண்பருக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்து முடித்தார். தேசம் செய்ய வேண்டியது மிச்சமிருக்கிறது.